எங்கள் வீட்டில் எல்லாமே சோடாதான்

போன கிழமை நம் பழைய வகுப்புக் குழுவில் ஒருத்தி அந்தச் செய்தியை அனுப்பியிருந்தாள். 'அப்பச்சோடாவின் அற்புதப் பயன்கள்' என்று தலைப்பு. நெஞ்செரிச்சலுக்கு ஒரு சிட்டிகை, அடிப்பிடித்த சட்டிக்கு ஒரு கரண்டி, குளவி கொட்டினால் குழைத்துப் பூசு, மீன் வாடை போக ஒரு கிண்ணத்தில் வை என்று நீளமாகப் போனது. நீங்கள் எல்லாரும் கட்டைவிரலும் பூங்கொத்துமாகப் போட்டுத் தள்ளினீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. மறுநாள் ஒருத்தி தனியாக எழுதிக் கேட்டாள், "ஏன்டி, சுகமில்லையா?"

சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. முழங்கால் வலி உங்களுக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அந்தச் சொல்தான் என்னைக் கொண்டுபோய் எங்கள் பழைய அம்பிட்டிய வீட்டில் விட்டுவிட்டது. போனில் ஒரு விரலால் தட்டிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. அதனால் ஆற அமர எழுதுகிறேன். பிள்ளைகளுக்குச் சொன்னால் பாதி விளங்காது. சவர்க்காரத்துக்கு வரிசையில் நின்றவர்கள் நாம்தானே.

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. ரோட்டுக்குக் கீழே, படியிறங்கிப் போகும் இரண்டறை வீடு. மேலே ஹேவாஹெட்ட பஸ் போனால் எங்கள் தகரம் அதிரும். அப்பா கண்டி டவுனில் ஒரு சைவக்கடையில் பலகாரம் போடுகிறவர். எங்களோடு சித்தியும் இருந்தாள். அம்மாவின் தங்கை. ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தாய் தகப்பன் போன பிறகு அவள் அண்ணனின் ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் இடம் போதாமல் அம்மா கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கு ஒரு கல்யாணத்தைச் செய்து வைப்பது தன் பொறுப்பு என்று அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள்.

ஒன்றுமே கிடைக்காத காலம் அது. பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை, துணிக்குக் கூப்பன். கூட்டுறவுச் சங்கக்கடைக்குச் சவர்க்காரம் வந்திருக்கிறது என்ற செய்தி எங்கள் மேட்டுக்கு ஏறி வருவதற்குள் சவர்க்காரம் முடிந்திருக்கும். அதனால் வீட்டிலேயே செய்தோம். அப்பாவின் கடைக்குச் சாப்பிட வரும் அக்குறணை வியாபாரி ஒருவர், நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், எங்கிருந்தோ கோஸ்டிக் சோடா எடுத்துத் தருவார். சீமெந்துப் பைக் காகிதத்தில் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டியிருக்கும். முதல் தடவை அவரே வீட்டுக்கு வந்து செய்முறை சொல்லிக் கொடுத்தார்.

"கையால மட்டும் தொட்றாதீங்க மகள். தண்ணியில இதத்தான் கொட்டணும், இதுல தண்ணிய ஊத்திறக் கூடாது. பொல்லாத சாமான்" என்று அவர் சொன்னதை அம்மாவைவிடக் கவனமாகக் கேட்டவள் சித்திதான்.

சவர்க்காரம் காய்ச்சுகிற நாள் எனக்குத் திருவிழா. காய்ச்சுவது என்கிறேனே தவிர அடுப்பே கிடையாது. பின்பக்கத் தாழ்வாரத்தில் பழைய எனாமல் பேசினை வைத்து, சித்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அந்த வெள்ளைச் செதில்களைத் தண்ணீரில் கொட்டுவாள். நெருப்பில்லாமலே தண்ணீர் சூடாகி ஆவி கிளம்பும். என்னை வாசற்படிக்கு இந்தப் பக்கம் வர விடமாட்டாள். பிறகு தேங்காய் எண்ணெயை மெல்லிய நூலாக ஊற்றிக்கொண்டே தென்னை மட்டையால் கிண்டுவாள். கிண்டக் கிண்ட அது கஞ்சியாகி, கூழாகி, கடைசியில் மட்டை போன வழி தெரியும்படி தடித்து நிற்கும். பச்சை எண்ணெய் வாடையும் ஈர இரும்பு வாடையும் கலந்த ஒரு வாடை. இன்றைக்கும் புதுத் தகரக் கூரையில் முதல் மழை பெய்தால் எனக்கு அது வரும்.

பலகைப் பெட்டியில் வாழையிலை விரித்து ஊற்றி, இறுகியதும் தையல் நூலால் அறுப்பாள். ஒவ்வொரு கட்டியிலும் கரண்டிக் காம்பால் ஒரு பூ கீறுவாள். "தேய்ச்சா போகப்போற பூதானே, எதுக்குடி?" என்று அம்மா கேட்டால், "தேய்க்கிற வரைக்கும் இருக்கட்டுமே" என்பாள்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் சோடா என்றால் ஒன்றில்லை. அப்பா கடையிலிருந்து கொண்டுவரும் அப்பச்சோடா ஒரு சின்னத் தகர டப்பாவில் இருக்கும். கடலை ஊறப்போட, தோசை மாவு புளிக்காத குளிர் நாளில் ஒரு சிட்டிகை போட, வயிறு உப்பினால் வெந்நீரில் கலக்கிக் குடிக்க. என் வெள்ளை யூனிஃபோமை ஊறப்போடுவது சலவைச்சோடா. சவர்க்காரத்துக்கு கோஸ்டிக். போதாததற்கு, கோலி உருளும் போத்தலில் வரும் குடிக்கிற சோடா. அப்பா மட்டும் நாலையும் நாலு பெயரில் சொல்வார். அம்மா வாயிலும் சித்தி வாயிலும் எல்லாமே சோடாதான். எதைச் சொல்கிறார்கள் என்பது நிற்கிற இடத்தைப் பார்த்தே விளங்கும். அடுப்படியில் நின்று "சோடா எடு" என்றால் அது வேறு, துணி துவைக்கிற பீலியடியில் நின்று "சோடா எடு" என்றால் அது வேறு. ஒரு நாளும் பிசகினதில்லை.

சித்திக்கு மாப்பிள்ளை அமைந்தார். டவுனில் துணிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை. மெலிந்தவர், அதிகம் பேசமாட்டார். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ சாக்கு வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். எனக்கு ஒரு போத்தல் சோடா வாங்கி வருவார். சித்தி உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். அவர் போன பிறகு என்னைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொன்னாரு? என்னைக் கேட்டாரா? சட்டை என்ன நிறம்?" என்று துருவுவாள்.

"நீங்கதான் கதவு இடுக்கால பாத்தீங்களே சித்தி."

"நீ சொல்லு. நீ சொன்னா இன்னொரு தடவை பாத்த மாதிரி இருக்கும்."

நான் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன். முதல் தடவை கூப்பிட்டபோது அவர் காது சிவந்துபோனது.

ஆவணியில் முகூர்த்தம். ஆடி பிறந்ததும் சாரல் பிடித்துக்கொண்டது. நம்மூர் ஆடிச் சாரல் உங்களுக்குத் தெரியும். பெய்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது, சுவர்கூட வியர்க்கும். கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் கண்டி பெரஹெரா ஊர்வலம் பார்க்கவென்று முன்கூட்டியே வந்து தங்குவார்கள், துணி துவைக்க நிறையச் சவர்க்காரம் வேண்டும் என்று அப்பா நானாவிடம் இன்னொரு பொதி கோஸ்டிக் வாங்கி வந்தார். அது வழக்கம் போலப் பின்பக்கத் தாழ்வாரத்தில், விறகுக்கு மேல் இருந்தது.

அந்த நாட்களில் சித்தி சரியாகச் சாப்பிடவில்லை. விளக்கேற்றுகிற நேரத்தில் சுவரைப் பார்த்துப் படுத்து அழுவாள். நான் பக்கத்தில் போய்ப் படுத்துக் கேட்டேன்.

"ஏன் சித்தி அழுவுறீங்க? சித்தப்பா நல்லவருதானே?"

"நல்லவருதான் குட்டி. அதுக்கில்ல. எங்கம்மா இருந்திருந்தா என் தலையில பூ வச்சு அனுப்புவாங்க. அத நெனச்சேன். நீயும் இருக்க மாட்ட அங்க." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வயிறு வேற காந்துது. பயத்துலயோ என்னவோ" என்று சிரித்தாள்.

அம்மா அடுப்படியிலிருந்து அந்த அழுகையைக் கேட்டாள். சித்தி என்னிடம் சொன்ன வார்த்தைகள் அவள் காதில் விழவில்லை. தட்டில் சோறு அப்படியே இருப்பதையும் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் காலை, அம்மா பின்பக்கம் போனவள், "ஐயையோ" என்று கத்தினாள். சாரலில் சீமெந்துக் காகிதம் நனைந்து, கோஸ்டிக் கசிந்து விறகில் இறங்கியிருந்தது. அவசர அவசரமாகக் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மிச்சத்தைக் கரண்டியால் வழித்து ஒரு மால்ட் மா போத்தலில் போட்டாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டி உடைந்து ஈர உப்பு மாதிரி இருந்தது. மூடியை இறுக்கி, மழை படாத இடம் என்று அடுப்படிப் பலகையில் கொண்டுபோய் வைத்தாள். பீலியடியிலிருந்து அப்போதுதான் வந்த சித்தி, என்னை முன்னறையில் உட்கார்த்தித் தலையை வாரத் தொடங்கியிருந்தாள். அம்மா கூப்பனைத் தேடியபடியே குரல் கொடுத்தாள்.

"சின்னவளே, சோடாவ போத்தல்ல கொட்டி வச்சிருக்கேன்."

"சரிக்கா" என்றாள் சித்தி.

அவ்வளவுதான் பேச்சு. என் தலை சித்தியின் முழங்காலுக்கு நடுவில் இருந்தது. இரண்டு பேர் சொன்னதையும் நான் கேட்டேன்.

முந்தின நாள் அப்பச்சோடா டப்பா காலியாகியிருந்தது. கடலைக்கு நானும் சித்தியும்தான் தட்டித் தட்டிப் போட்டோம். அப்பா கடையிலிருந்து கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார், மறந்துவிட்டார். அவர் மறந்தது சித்திக்குத் தெரியாது. கோஸ்டிக் விறகின் மேல் இருப்பதாகத்தான் அவள் நினைப்பு.

அம்மா சங்கக்கடை வரிசைக்குப் போனாள். மத்தியானம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் குந்தியிருந்தாள்.

"நெஞ்சு வரைக்கும் எரியுது குட்டி. கொஞ்சம் சோடா கலக்கிக் குடிச்சா கேட்கும்."

கேத்தலில் இருந்த வெந்நீரைப் பீங்கான் கோப்பையில் ஊற்றினாள். அடுப்படியில் ஜன்னல் கிடையாது, மழை இருட்டு வேறு. போத்தலைத் திறந்து கரண்டியால் போட்டுக் கலக்கினாள். அது காலையில் அம்மா கோஸ்டிக் வழித்துப் போட்ட போத்தல் என்று அந்த இருட்டில் எனக்கும் படவில்லை. கோப்பை சுட்டிருக்கும். ஆனால் வெந்நீர்க் கோப்பை சுடாமல் என்ன செய்யும்? மருந்து குடிக்கிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்காக வாயில் ஊற்றினாள்.

அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன். கோப்பை விழுந்தது. சித்தி இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பீலியடிக்கு ஓடினாள். நான் அலறிய அலறலில் பக்கத்து வீட்டுச் சிங்கள ரீச்சர் ஓடி வந்தார். மேலே ரோட்டில் பேக்கரிப் பாண் வேன் நின்றது. அதில் ஏற்றித்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பாண் வாடைக்கு நடுவில் சித்தியின் தலை ரீச்சரின் மடியில் இருந்தது. அவள் என் விரலைப் பிடித்தபடி விடவேயில்லை.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் செய்தி போய், அவர்கள் வந்து சேர்ந்தபோது சித்தி வார்டுக்குள் இருந்தாள். வராந்தாவில் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னது இப்போதும் என் காதில் கேட்கிறது.

"காலையிலதாங்க அவகிட்டச் சொன்னேன், சோடாவ போத்தல்ல கொட்டி வச்சிருக்கேன்னு. தெரிஞ்சே எடுத்துக் குடிச்சிருக்கா பாவி. சோறு திங்காம அழுதுகிட்டே கெடந்தா. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். மனசுல வேற யாரோ இருந்திருக்கான்."

நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "இல்லம்மா. சித்தி அப்பச்சோடான்னு நெனச்சுத்தான் குடிச்சாங்க. வயித்தெரிச்சலுக்கு."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்து என் தலையைத் தடவினார்.

"கெட்டிக்காரி. அப்படித்தான் சொல்லணும். போலீஸ் வந்து கேட்டாலும் இப்படியே சொல்லு, என்ன?"

அந்தக் காலத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தவர் பிழைத்தால் வழக்குப் போடுவார்கள். அதற்குப் பயந்து அப்பாவும் அம்மாவும் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்ன உண்மை அவர்களுக்குப் பொருத்தமான பொய்யாகக் கிடைத்தது.

கான்ஸ்டபிள் வந்தார். தெரிந்த தமிழில், தங்கச்சிக்கு நங்கி என்றே சொல்லிக் கேட்டார், "நங்கி தெரிஞ்சி குடிச்சதா, தெரியாம குடிச்சதா?"

"தெரியாமத்தான் ஐயா" என்றார் அப்பா. குரல் நடுங்கியது. பொய் சொல்கிறோம் என்ற நடுக்கம். "அப்பச்சோடான்னு நெனச்சிட்டா." அம்மாவும் அதையே சொன்னாள். என்னையும் கேட்டார், நானும் அதையே சொன்னேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்பா பெருமூச்சு விட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

சித்தியால் பேச முடியவில்லை. உதடு வெந்து வீங்கி, வாய் திறக்க முடியாமல் கிடந்தாள். வயிற்றில் ஒரு குழாய் வைத்து அதன் வழியாகத்தான் பால் ஊற்றினார்கள். அந்த வார்டில் யாழ்ப்பாணத்து நர்ஸ் மிஸி ஒருவர் இருந்தார். ஒரு நாள் அவர் சித்தி கையில் பென்சிலும் துண்டுக் காகிதமும் கொடுத்தார். சித்தி தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மெல்ல மெல்ல எழுதினாள்: அப்பச்சோடா என்று நினைச்சேன்.

மிஸி அதை வாசித்துக் காட்டியதும் அம்மா கட்டிலுக்குக் குனிந்து, இரகசியமாகச் சொன்னாள். "ஆமாடி, அதுதான் சரி. நாங்களும் அதத்தான் சொல்லியிருக்கோம். யாரு கேட்டாலும் மாத்திச் சொல்லாத."

சித்தி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் கையிலிருந்து நழுவியது. அந்தப் பார்வையின் பொருள் எனக்கு அப்போது தெரியவில்லை. தன் அக்காவே நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்த கணம் அது.

மிஸி என்னை வெளியே கூட்டிப்போய், "பிள்ளை, நீர் பார்த்தனீரோ? சித்தி அறியாமத்தான் குடிச்சவவோ?" என்று கேட்டார்.

"ஓம் மிஸி" என்று அவர் பாஷையிலேயே சொன்னேன்.

"நான் நம்புறன். அழாதேங்கோ" என்று என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் நம்பிய ஒரே ஆள் அவர். ஆனால் அவர் நம்பி என்ன ஆக?

மாப்பிள்ளை தினமும் வந்தார். பெரஹெராக் கூட்டத்தில் பஸ் ஊராது, கடையிலிருந்து நடந்தே வருவார். வார்டு வாசலோடு நின்றுகொள்வார். முதல் நாள் சித்தி அவரைக் கண்டதும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வெந்துபோன வாயை அவர் பார்த்துவிடக்கூடாது என்று. அவர் அப்படியே திரும்பிப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமினார்.

"பாப்பா, சித்திக்கு என்னைப் பிடிக்கலையா?"

"பிடிக்கும் சித்தப்பா. ரொம்பப் பிடிக்கும். அவங்க அப்பச்சோடான்னு நெனச்சுத்தான்…"

அவர் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "போலீசுக்குச் சொன்னதெல்லாம் எங்கிட்டச் சொல்ல வேணாம்மா. எனக்குக் கோவம் இல்ல. பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வெலகியிருப்பேன். இதுக்குப் போயி…"  கடைத்தெருவில் ஒரு மீட்டர் துணியைக் கோணாமல் கிழிக்கிற கை, என் பாவாடை ஓரத்தை எடுத்துக் கோணலாக மடித்து மடித்துப் பிரித்தது.

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவர் வீட்டார்தான் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். ஆவணி முகூர்த்தம் வந்து போனது. அதற்கப்புறம் கொஞ்ச நாளில் அவர் குடும்பத்துக்கு இந்தியாவுக்கே திருப்பி அனுப்புகிற ஒப்பந்தப்படி பாஸ்போட் வந்துவிட்டது. போகிற முன் அப்பா வேலை செய்த கடைப் பக்கம் வந்து அப்பாவிடம் சொல்லிக்கொண்டு போனாராம். சித்திக்கு அதை அம்மா சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். அப்போது அவளுக்குக் குரல் இல்லை, காற்று மட்டும் வரும். அந்தக் காற்றில், "சட்டை என்ன நிறம்னு அப்பாகிட்டக் கேளு" என்றாள்.

அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. நீலம் என்று நான் சொன்னேன்.

சித்தி பிழைத்தாள், ஆனால் தொண்டை சுருங்கிப்போனது. மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு குழாயை விட்டு விரித்துக்கொண்டு வர வேண்டும். கஞ்சித் தண்ணீர், கரைத்த பிஸ்கட், வடித்த சாறு. நாங்கள் சாப்பிடும்போது அவள் வெளியே போய்விடுவாள். குரல் கடைசி வரை திரும்பவில்லை, கிசுகிசுப்பு மட்டும்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். "தோட்டத்துல ஒருத்தன் இருந்தானாம்" என்று யாரோ தொடங்கினார்கள். முதலில் அவன் யாரோ ஒருவனாக இருந்தான். ஒரு வருஷத்தில் அவனுக்கு லொறி ஓட்டுகிற வேலை கிடைத்தது. இன்னும் ஒரு வருஷத்தில் அவன் வேறு சாதி. இல்லாத ஒருவன் எங்கள் சொந்தத்துக்குள் இப்படி வளர்ந்து ஆளாகிவிட்டான்.

அவள் தோட்டத்துக்கே திரும்பிப் போனாள், அண்ணனிடம். பிள்ளைக்காம்பராவில் வேலை கொடுத்தார்கள். தாய்மார் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிற நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. லீவுக்கு நான் அங்கே போவேன். சுவரில் சாய்ந்து, இரண்டு முழங்காலிலும் இரண்டு குழந்தையைப் போட்டு ஆட்டிக்கொண்டு, சத்தம் வராத தொண்டையால் தாலாட்டுவாள். குழந்தைகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு தூங்கிவிடும்.

நாம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும்போது விஞ்ஞான ரீச்சர் கரும்பலகையில் மூன்று பெயர் எழுதியது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? சோடியம் இருகாபனேற்று, சோடியம் காபனேற்று, சோடியம் ஐதரொட்சைட்டு. "வீட்டில் எல்லாவற்றையும் சோடா என்போம். மூன்றும் மூன்று சேர்வை. ஒன்றைக் குடிக்கலாம், ஒன்று தோலை உரித்துவிடும்" என்றார். நான் தலையிடி என்று சொல்லி மேசையில் கவிழ்ந்துகொண்டேன். காலையில் அம்மா கொடுத்த குரலும் சித்தியின் "சரிக்கா"வும் அப்போதுதான் எனக்குள் ஒன்றோடொன்று பொருந்தின. அதுவரை சித்தி தவறுதலாகக் குடித்தாள் என்று மட்டும்தான் தெரியும். ஏன் தவறினாள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

அன்று பின்னேரம் அம்மாவிடம் கேட்டேன். சண்டை பிடிக்கக் கேட்கவில்லை. சித்தி பேரில் இருக்கிற பழி தீரட்டும் என்றுதான் கேட்டேன்.

"அம்மா, நீங்க கோஸ்டிக்னு சொல்லல. சோடான்னுதான் சொன்னீங்க. அவங்க அப்பச்சோடான்னு நெனச்சிட்டாங்க."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. முகம் வெளுத்துப்போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"கோஸ்டிக்னுதான் சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்கு. நீ சின்னப் புள்ள, ஒனக்கு என்ன தெரியும்?"

அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "கோஸ்டிக்னுதான் சொன்னேன், கோஸ்டிக்னுதான் சொன்னேன்" என்று தனக்குத் தானே முனகிக்கொண்டிருந்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பேச்ச விட்ரும்மா" என்றார். விட்டுவிட்டேன்.

சித்திக்கு ஐம்பது வயது வருவதற்குள் தொண்டை மறுபடி அடைத்துக்கொண்டது. இந்த முறை விரிக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். நான் அப்போது வேலையில் இருந்தேன், கல்யாணமாகி அம்பிட்டியவிலேயே வேறு வீடு. சித்தியை என்னிடம் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். அம்மாவும் அப்பா இறந்த பிறகு என்னோடுதான் இருந்தாள். அக்கா தங்கச்சி இரண்டு பேரும் ஒரே அறையில். ஒருத்தி கட்டிலில், ஒருத்தி பாயில்.

ஒரு காலை வேளை. நான் சித்திக்கு வாய் துடைக்கப் பஞ்சும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மா கட்டிலோரம் கதிரையைப் போட்டு, சித்தியின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இனி யாருக்குப் பயம்டி? போலீஸ் வரப்போறதில்ல. ஒரே ஒரு தடவை எங்கிட்ட உண்மையச் சொல்லிடு. நான் திட்ட மாட்டேன். ஏன் குடிச்ச?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அம்மா" என்று வாயைத் திறந்தேன். சித்தி தலையணையில் கிடந்தபடி என்னைப் பார்த்தாள். பேசாதே என்று கண்ணால் சொன்னாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

"ஆமாக்கா. தெரிஞ்சுதான் குடிச்சேன்."

அம்மா அவள் நெஞ்சில் விழுந்து அழுதாள். அப்படி ஓர் அழுகையை அப்பா செத்தபோதுகூட நான் பார்க்கவில்லை. "இத்தனை வருஷம் உள்ளுக்குள்ளயே வச்சிருந்தியேடி. எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. போகட்டும், போகட்டும். நான் ஒன்ன மன்னிச்சிட்டேன்" என்று அவள் தலையைத் தடவித் தடவிச் சொன்னாள். சித்தி அம்மாவின் முதுகில் மெல்லத் தட்டிக்கொடுத்தாள், பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்குத் தட்டுவது போல.

அம்மா முகம் கழுவப் போன பிறகு நான் கேட்டேன். "ஏன் சித்தி? ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவளுக்கு வயசாச்சு குட்டி. நான் இல்லேன்னு சொன்னா, அப்ப எப்படி நடந்துச்சுன்னு யோசிக்கத் தொடங்கிருவா." என் கையிலிருந்த ஈரப் பஞ்சை வாங்கி உதட்டில் ஒற்றிக்கொண்டாள். "தனியா யோசிச்சுக்கிட்டுக் கெடப்பா. நீயும் வேலைக்குப் போயிருவ."

அந்த மாதமே சித்தி போய்விட்டாள். சாவு வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொன்னாள், "கடைசியில எங்கிட்ட ஒத்துக்கிட்டா. மனச எறக்கி வச்சிட்டுத்தான் போனா." பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அந்த லொறிக்காரன் இப்போது எங்கே என்று ஒருத்தி கேட்டாள். நான் பாடையருகில் நின்றேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் சித்தி கடைசியாகக் கொடுத்ததை அம்மாவிடமிருந்து பறித்ததாகியிருக்கும்.

அம்மா அதன் பிறகு நிறைய வருஷம் இருந்தாள். நன்றாகத் தூங்கினாள். சித்தி பேச்சு வந்தால் "பாவம், மனசு கேக்கல, குடிச்சிட்டா" என்பாள், பிரியமாகத்தான் சொல்வாள். போன மாசி அவளும் போய்விட்டாள். இனி இதைச் சொல்வதால் யாருக்கும் நோகாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் சித்தியைப் பற்றி எங்கள் சொந்தத்தில் யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது அப்படியில்லை. அவளுக்கு வேறு ஒருத்தரும் இருக்கவில்லை. அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது. அந்த மத்தியானம் அவளுக்கு வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.